ஆசிரியர் பணிக்கு இன்னொரு முன்வாசல் வேண்டும்

பொறியியல் படித்துவிட்டுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். வணிக நிர்வாகம் படித்தவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். உயிரித் தொழில்நுட்பம் படித்தவர் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே மாலையில் டியூஷன் எடுக்கத் தொடங்கிய இளைஞர், சில வருடங்களில் அந்தத் தெருவுக்கே ‘சார்’ ஆகிவிடுகிறார். இவர்களில் பலரிடம் பி.எட். பட்டம் கிடையாது. ‘டெட்’ என்று எல்லோரும் அழைக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதும் தகுதியும் கிடையாது. ஆனாலும் நம் பிள்ளைகளில் கணிசமானோர் இவர்களிடம்தான் படிக்கிறார்கள்.

ஆகவே, வேறு பட்டம் படித்தவர்கள் ஆசிரியராகலாமா என்று இனிமேல் விவாதிப்பதில் பயனில்லை. அவர்கள் வகுப்பறைக்குள் வந்து வெகுகாலமாகிவிட்டது. முறையான பயிற்சியோடும் சட்டம் ஏற்கும் தகுதியோடும் வருகிறார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் இல்லை என்பதே விடை. இதனால் மாணவருக்கு இழப்பு. குறைந்த சம்பளத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லாமல் உழைக்கும் அந்த ஆசிரியருக்கும் இழப்பு.

இதைச் சரிசெய்யும் வாய்ப்பு ஒன்று இப்போது வந்திருக்கிறது. நான்காண்டுப் பட்டமோ முதுநிலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட். போதும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொன்னது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்சிடிஇ 2025-ல் வெளியிட்ட வரைவு விதிமுறைகளிலும் அது இடம்பெற்றது. பொறியியல் நான்காண்டுப் படிப்பு என்பதால், பொறியாளர்கள் நிறைந்த தமிழ்நாடு இந்த மாற்றத்தை அக்கறையோடு கவனிக்க வேண்டும். அந்த ஓராண்டு எப்படி அமையப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் நமக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைப்பார்களா, இன்னொரு காகிதச் சான்றிதழ் கிடைக்குமா என்பது முடிவாகும்.

இன்றைய பாதையும் அதன் தடைகளும்

2009-ல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வரையறுக்கும் அதிகாரத்தை மைய அரசு அறிவிக்கும் கல்வி அமைப்புக்குக் கொடுத்தது. அந்தப் பொறுப்பை ஏற்ற என்சிடிஇ, 2010 ஆகஸ்ட் 23 அன்று தகுதிகளை அறிவித்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கத் தொடக்கக் கல்விப் பட்டயம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப் பட்டத்தோடு பி.எட். அல்லது தொடக்கக் கல்விப் பட்டயம், இரண்டு நிலைக்கும் டெட் தேர்ச்சி என்பது அதன் சாரம். தமிழ்நாடு 2011 நவம்பரில் டெட் தேர்வை ஏற்று அரசாணை வெளியிட்டது. 150 மதிப்பெண்ணுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி என்றிருந்தது; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அது 2014-ல் 82 ஆகக் குறைக்கப்பட்டது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. முதலில் ஏழாண்டுகளுக்கு மட்டும் செல்லும் என்றிருந்த டெட் சான்றிதழ், 2021 முதல் ஆயுள் முழுவதும் செல்லும் என்றானது. அரசுப் பள்ளிப் பணிக்கோ 2018-ஆம் ஆண்டு அரசாணைப்படி டெட் தேர்ச்சிக்குப் பிறகு தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

வேறு பட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பாதையில் ஓரளவு இடம் கிடைத்தது என்சிடிஇயின் 2014 விதிமுறைகளால்தான். அறிவியலும் கணிதமும் சிறப்புப் பாடமாகக் கொண்ட பொறியியல் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் பி.எட். சேரலாம் என்று அவை அனுமதித்தன. தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொறியியல் பட்டதாரிகள் பி.எட். வகுப்புகளில் சேர்ந்தார்கள். பி.எட். முடித்த பொறியாளர்கள் டெட் எழுதி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணித ஆசிரியராகலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2019-ல் தெளிவுபடுத்தியது. நல்ல முடிவு. ஆனால், பாதையில் மூன்று தடைகள் அப்படியே இருக்கின்றன.

முதல் தடை, காலமும் பணமும். இடம் கொடுத்த அதே 2014 விதிமுறைகள்தான் ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கின. இருபத்தெட்டு வயதில், வீட்டுக் கடனோ கைக்குழந்தையோ உள்ள ஒருவர் வருமானத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் கல்லூரிக்குப் போவது எளிதல்ல. தொலைநிலையில் படிக்கலாமே என்றால், ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அந்த வழி. பயிற்சி இல்லாமல் வருகிறவருக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது தடை, இணைத்தன்மை. பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் புதுப்புதுப் பெயர்களில் பட்டங்களைத் தொடங்குகின்றன. பள்ளிப் பாடங்களின் பெயர்களோ மாறுவதில்லை. ‘பயன்பாட்டு’ என்ற அடைமொழியோடு வாங்கிய அறிவியல் பட்டம், நேரடி அறிவியல் பட்டத்துக்கு இணையா என்ற கேள்வி அரசாணை வந்தால்தான் தீரும். பி.எட். முடித்து, தேர்வும் எழுதித் தேறி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் வந்த பிறகு, ‘உங்கள் பட்டம் இணையானது அல்ல’ என்று கேட்க நேர்ந்தவர்களின் வேதனை பெரிது. சேர்க்கையின்போதே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு சொல்வது நிர்வாகத்தின் தோல்வி.

மூன்றாவது தடை, பயிற்சியின் தரம். இன்றைய இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளிக்கூடத்தில் செலவிட வேண்டிய காலம் மொத்தம் 20 வாரங்கள். முதலாண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு. காகிதத்தில் இது மோசமில்லை. ஆனால் பயிற்சிக்கு வரும் மாணவரைப் பல பள்ளிகள் விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாள் போலவும், விடைத்தாள் திருத்த வந்த கூடுதல் கை போலவுமே நடத்துகின்றன. அவர் எடுத்த பாடவேளையை ஒரு மூத்த ஆசிரியர் முழுதாக உட்கார்ந்து பார்த்து, எங்கே மாணவர்கள் கைவிட்டுப் போனார்கள் என்று எடுத்துச் சொல்வது அரிது. கல்லூரிகளின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதியரசர் ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012-ல் அளித்த அறிக்கையை மேற்கோள் காட்டித் தேசியக் கல்விக் கொள்கையே ஒரு செய்தியைப் பதிவுசெய்திருக்கிறது: நாட்டில் 10,000-க்கும் மேற்பட்ட தனித்த ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பான்மையானவை ஆசிரியர் கல்வியை அளிக்க முயல்வதுகூட இல்லை, பணத்துக்குப் பட்டம் விற்கின்றன. அரசின் ஆவணமே இப்படிச் சொன்ன பிறகும், வகுப்புக்கு வராமலே பட்டம் வாங்கித் தருவதாகப் பேரம் பேசும் தரகர்கள் ஒழியவில்லை.

கொல்லைப்புற வழிகளின் வரலாறு

ஆசிரியர் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் நம் அரசுகள் மாற்று வழிகளைத் திறந்திருக்கின்றன. அவற்றின் வரலாறு பாடம் கற்பிக்கிறது.

உத்தரப் பிரதேசம் 1999-ல் தொடங்கிய ‘சிக்‌ஷா மித்ரா’ திட்டத்தில் உள்ளூர் இளைஞர்கள் சொற்ப மதிப்பூதியத்துக்குத் தொடக்கப் பள்ளிகளில் அமர்த்தப்பட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களை உதவி ஆசிரியர்களாக நிரந்தரப்படுத்த மாநில அரசு முடிவெடுத்தது. 2017 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கை ஒரே நாளில் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அதே 2017-ல், பயிற்சி பெறாமல் பணியிலிருந்த ஆசிரியர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இணையம், தொலைக்காட்சி வழியாக 18 மாதத் தொடக்கக் கல்விப் பட்டயத்தை நடத்தியது. 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அந்த 18 மாதப் பட்டயம் புதிய பணி நியமனத்துக்கு இரண்டாண்டுப் பட்டயத்துக்கு இணையாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2018 ஜூன் 28 அன்று என்சிடிஇ இன்னொரு வழியைத் திறந்தது. பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளியிலும் பணியில் சேரலாம். சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதையும் மூடியது. சிறு குழந்தைக்குக் கற்பிப்பது தனிக் கலை, பி.எட். அதற்கான பயிற்சி அல்ல என்று நீதிமன்றம் சொன்னதில் கல்வி நோக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறிவிக்கையை நம்பி வந்தவர்கள் என்ன செய்வார்கள்? சத்தீஸ்கரில் 2,600-க்கும் மேற்பட்ட உதவி ஆசிரியர்கள் வேலையிழந்து தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

தமிழ்நாட்டின் கணக்கும் உண்டு. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டங்களைச் சென்னை நகரம் நன்றாகவே அறியும். 2022-ல் காலிப் பணியிடங்களை நிரப்ப, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் எனத் தொகுப்பூதியம் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது, பிறகு ஊதியம் உயர்த்தப்பட்டது.

இந்த நிகழ்வுகள் எல்லாவற்றிலும் ஒரே போக்கு தெரிகிறது. அவசரத்துக்கு வழி திறக்கிறார்கள். குறைந்த ஊதியத்துக்கு ஆள் கிடைப்பதால் அந்த அவசரத்தையே ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கிறார்கள். என்றோ ஒரு நாள் நீதிமன்றம் சட்டத்தைச் சுட்டிக்காட்டி வழியை மூடுகிறது. நடுவில் சிக்கியவருக்கு வயது கடந்துவிடுகிறது. தமிழில் இத்தகைய நியமனங்களைக் ‘கொல்லைப்புற நியமனம்’ என்று சொல்கிறோம். வேறு பட்டம் படித்தவர்களைக் கொல்லைப்புறமாக அழைத்து அங்கேயே நிறுத்திவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அவர்களுக்கும் ஒரு முன்வாசல் வேண்டும். அதன் வாசற்படி உயரமாக இருக்கட்டும். ஆனால் கதவு சட்டப்படி திறந்ததாகவும், ஏறி வந்தவரை மறுபடி வெளியே தள்ளாததாகவும் இருக்க வேண்டும்.

உலகம் கண்ட அனுபவம்

இந்த யோசனைக்கு நாற்பதாண்டு அனுபவம் உலகில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆசிரியர் தட்டுப்பாடு வந்தபோது பயிற்சியற்றவர்களுக்கு ‘அவசரகாலச் சான்றிதழ்’ கொடுத்து வேலையில் அமர்த்தும் பழக்கம் இருந்தது. ஆளுநர் தாமஸ் கீனின் அரசு 1984-ல் அதற்கு மாற்று ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. பாடத்தில் பட்டம் பெற்றவர் ஒரு தேர்வில் தேற வேண்டும். பள்ளி ஒன்று அவரைச் சம்பளத்தோடு பணியில் எடுக்க வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர் அவருக்கு வழிகாட்டுவார். அந்த ஆண்டிலேயே 200 மணி நேரம் கற்பித்தல் முறைகளைப் பயில வேண்டும். மதிப்பீட்டில் தேறினால் மற்றவர்களுக்குச் சமமான நிரந்தர உரிமம் கிடைக்கும். கொல்லைப்புறத்தை மூடிவிட்டு முன்வாசலைத் திறந்த ஏற்பாடு அது.

அடுத்த ஆண்டே டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம் இதே வழியில் இறங்கியது. ஆனால் டெக்சாஸ் பின்னர் போன திசை வேறு. லாப நோக்குள்ள நிறுவனங்களும் பயிற்சி அளிக்கலாம் என்று அனுமதித்தது. பயிற்சியின் பெரும்பகுதி இணையத்துக்குப் போனது. புதிதாகச் சான்று பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மாற்று வழியில் வரும் நிலை ஏற்பட்டது. அண்மை ஆண்டுகளில் எந்தச் சான்றும் இல்லாதவர்களையே பள்ளிகள் பெருமளவில் வேலைக்கு எடுக்கத் தொடங்கின. அதைக் கட்டுப்படுத்த 2025-ல் அந்த மாநிலம் சட்டம் இயற்ற வேண்டிவந்தது. ஒரே யோசனை, கண்காணிப்பு இருந்த இடத்தில் ஒருவிதமாகவும் தளர்ந்த இடத்தில் வேறுவிதமாகவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்படி வந்தவர்களிடம் படித்த மாணவர்கள் பின்தங்கினார்களா? நியூயார்க் நகரப் பள்ளிகளைப் பற்றித் தாமஸ் கேன், ஜோனா ராக்காஃப், டக்ளஸ் ஸ்டைகர் மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான உண்மையைக் காட்டியது. வெவ்வேறு வழிகளில் வந்த ஆசிரியர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறிது. ஒரே வழியில் வந்தவர்களுக்குள் நல்ல ஆசிரியருக்கும் சுமாரான ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. அமெரிக்கக் கல்வித் துறைக்காக மேத்தமேட்டிகா நிறுவனம் 2009-ல் வெளியிட்ட ஆய்விலும், மாற்று வழியில் வந்தவர்களிடம் படித்த குழந்தைகளின் தேர்ச்சிக்கும் வழக்கமான பயிற்சி பெற்றவர்களிடம் படித்த குழந்தைகளின் தேர்ச்சிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

மாற்று வழியின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. இப்படி வருகிறவர்களில் பலர் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள். பயிற்சியே இல்லாமல் முதல் நாளே நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்தப்பட்டவர் விலகுவதில் வியப்பில்லை. அதற்கும் தீர்வு உண்டு என்பதை 2003-ல் தொடங்கிய பாஸ்டன் நகரின் உறைவிடப் பயிற்சி காட்டியது. மருத்துவர் மருத்துவமனையில் பயில்வதைப் போல, புதியவர் ஓராண்டு முழுவதும் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பறையிலேயே இருந்து கற்கிறார். இப்படிப் பயின்றவர்கள் ஐந்தாம் ஆண்டிலும் பணியில் தொடரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று 2012-ல் வெளியான ஆய்வு கண்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி சிங்கப்பூர். தமிழாசிரியர்கள் உட்பட அந்நாட்டின் ஆசிரியர்கள் அனைவரும் பயிற்சி பெறுவது தேசியக் கல்விக் கழகம் என்ற ஒரே நிறுவனத்தில்தான். கல்வி அமைச்சு ஆளை முதலில் தேர்வுசெய்கிறது. பட்டதாரி சில காலம் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியராகக் கற்பித்துப் பார்க்கிறார். இந்த வேலை தனக்குப் பொருந்துமா என்று அவரும், இவர் பொருந்துவாரா என்று பள்ளியும் தெரிந்துகொள்கிறார்கள். அதன் பிறகே முதுநிலைக் கல்விப் பட்டயப் பயிற்சி. பயிற்சிக் காலம் முழுவதும் சம்பளம் உண்டு. பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற பிணைப்பும் உண்டு.

இங்கிலாந்திடமும் ஒன்றைக் கற்கலாம். பட்டத்துக்கும் கற்பிக்கப்போகும் பாடத்துக்கும் இடைவெளி இருந்தால், ஆசிரியர் பயிற்சிக்கு முன்னதாக அந்தப் பாட அறிவை நிரப்பும் குறுகிய படிப்புகளை அங்கே அரசு செலவில் நடத்தினார்கள். எட்டு வாரம் முதல் 28 வாரம் வரை, தேவைக்கேற்ப. முப்பதாண்டுக்கும் மேலாகப் பத்திரிகையாளராக இருந்த லூசி கெல்லவே, ‘நவ் டீச்’ என்ற அமைப்பை 2016-ல் இணைந்து நிறுவி, ஐம்பது வயதைக் கடந்த பிறகு தாமே பயிற்சி பெற்று லண்டன் பள்ளியில் கணித வகுப்பு எடுக்கப் போனார். பிற துறைகளில் வாழ்ந்தவர்களின் அனுபவம் வகுப்பறைக்கு வேண்டும் என்பது அங்கே ஒரு கொள்கையாகவே ஏற்கப்பட்டிருந்தது.

காத்திருப்பவர்களின் கேள்வி

‘டெட் தேறிவிட்டுப் பல ஆண்டுகளாக வேலைக்குக் காத்திருக்கிறோம். எங்களுக்கே இடமில்லாதபோது இன்னொரு கூட்டத்தை எதற்காக அழைக்கிறீர்கள்?’ என்று தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் பேர் கேட்பார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எந்தத் திட்டமும் போட முடியாது.

நான் கேட்பது வேலைக்கான குறுக்கு வழி அல்ல, தகுதிக்கான நேர்வழி. அந்த வழியில் வருகிறவரும் அதே டெட் எழுதட்டும், அதே போட்டித் தேர்வு எழுதட்டும், அதே இடஒதுக்கீட்டு விதிகளின்படி அதே வரிசையில் நிற்கட்டும். வரிசையை முந்தும் உரிமை யாருக்கும் வேண்டாம். அரசுப் பணி மட்டுமே ஆசிரியர் பணியும் அல்ல. தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே இன்று பயிற்சியில்லாமல் நிற்கும் பட்டதாரி ஆசிரியர் தகுதி பெற்றால், அவருக்குப் பேரம் பேசும் பலம் கூடும். பெற்றோருக்கும் கேட்கும் உரிமை வரும்.

ஆள் மிகுந்த பாடங்கள் இருப்பதைப் போலவே ஆள் கிடைக்காத துறைகளும் இருக்கின்றன. சிறப்புக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் வரையறுத்தது. பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. உளவியல், சமூகப்பணி, பேச்சுப் பயிற்சி படித்தவர்கள் இந்தப் பணிக்கு முறையாகப் பயிற்றுவிக்கப்பட்டால் எத்தனை குடும்பங்களின் பாரம் குறையும்! மலைக் கிராமப் பள்ளிகளும் உண்டு. வெளியூர் ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடும் அத்தகைய ஊர்களில், அங்கேயே பிறந்து ஏதோ ஒரு பட்டம் படித்த இளைஞரைப் பயிற்றுவிப்பதே நிலைத்த தீர்வு.

கற்பிக்கும் ஆர்வமும் இயல்பான திறமையும் நம் ஊர்களில் எவ்வளவு மறைந்து கிடக்கின்றன என்பதை ‘இல்லம் தேடிக் கல்வி’ வெளிப்படுத்தியது. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்புகள் எடுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். கல்யாணமானதும் பட்டத்தைப் பெட்டியில் பூட்டிவைத்தவர்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தபோது, தங்களுக்குள் ஓர் ஆசிரியர் இருப்பதை அவர்கள் அறிந்தார்கள். அவர்களில் விருப்பமும் திறமையும் உள்ளவர்களை முறையான ஆசிரியர் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் வழி அமைக்கப்பட்டிருந்தால், அந்தத் திட்டத்தின் பயன் ஒரு தலைமுறைக்கு நீண்டிருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

எப்படி அமைய வேண்டும்?

வரவிருக்கும் ஓராண்டு பி.எட். படிப்பைப் பழைய பாடங்களைச் சுருக்கித் திணிக்கும் ஆண்டாக ஆக்கினால் அது வீண். அதைப் பள்ளியில் நடக்கும் பயிற்சி ஆண்டாக அமைக்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் பள்ளியில், ஒரு நாள் கல்லூரியில். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாள் முதல் ஆண்டுத் தேர்வு வரை ஒரே மூத்த ஆசிரியரின் வகுப்பறை. முதல் பருவத்தில் பார்ப்பது, இரண்டாம் பருவத்தில் துணை நிற்பது, மூன்றாம் பருவத்தில் தனியாக எடுப்பது. ஒரு முழுக் கல்வியாண்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை பார்க்காதவருக்கு, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஏன் சில பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை நிறுத்துகிறார்கள் என்பது புரியாது.

வழிகாட்டும் மூத்த ஆசிரியருக்குப் பாடவேளைகளைக் குறைத்து, அதற்கான படியும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ‘எமிஸ்’ எனும் கல்வித் தகவல் இணையதளப் பதிவேற்றத்திலும் கணக்கெடுப்பிலும் திணறும் ஆசிரியரின் தலையில் இதையும் கூடுதல் சுமையாக ஏற்றினால், அவர் பயிற்சியாளரின் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வார். பயிற்சி பெறுகிறவருக்கும் மாத உதவித்தொகை வேண்டும். இது செலவல்ல. சம்பாதிக்க வேண்டிய வயதில் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்களும் ஏழைக் குடும்பத்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளும், இது இல்லாமல் வர முடியாது. உதவித்தொகை இல்லாத மாற்று வழி வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே திறந்த வழியாகிவிடும்.

பாட அறிவில் சமரசம் கூடாது. பொறியியலில் உயர்கணிதம் படித்தவருக்குப் பின்னங்களைக் கற்பிக்கத் தெரியும் என்று நாமே முடிவுகட்டிக்கொள்ள முடியாது. இரண்டில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை எந்த வழியில் யோசித்து அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறிவது தனிப் படிப்பு. ஆகவே சேர்க்கைக்கு முன் பள்ளிப் பாடத்தில் ஒரு தேர்வும், தேவைப்படுவோருக்கு இங்கிலாந்தைப் போல இடைவெளியை நிரப்பும் குறுகிய படிப்பும் வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு வர விரும்புவோருக்குத் தனிப் பயிற்சியே வேண்டும். 2023 ஆகஸ்ட் தீர்ப்பின் பாடத்தை மீண்டும் மறக்கக் கூடாது.

எந்தப் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணை என்ற முழுப் பட்டியலை உயர்கல்வித் துறையும் ஆசிரியர் தேர்வு வாரியமும் சேர்ந்து ஆண்டுதோறும் பி.எட். சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும். பட்டியலைப் பார்த்துச் சேர்ந்தவரைப் பின்னால் தகுதியற்றவர் என்று சொல்லும் நிலை வரக் கூடாது. மாநில அரசு அமைக்கும் எந்த வழியும் என்சிடிஇயின் முன் ஒப்புதலோடு, கல்வி உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டு அமைய வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் டெட் தேற வேண்டும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேறாவிட்டால் பணியில் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்பு தமிழ்நாட்டு ஆசிரியர்களையும் கலங்கடித்தது. தகுதி விதிகளைத் தெளிவில்லாமல் விட்டால் பின்னால் சுமப்பவர் ஆசிரியர்தான் என்பதை அது மறுபடி நினைவூட்டியது.

கடைசி நிபந்தனை, சமத்துவம். பயிற்சியும் தேர்வும் முடித்து வந்தவர் எந்த வழியில் வந்தார் என்பதைப் பணியிடத்தில் யாரும் கேட்கக் கூடாது. ஊதியம், பதவி உயர்வு, மரியாதை ஆகியவற்றில் வேறுபாடு இருந்தால், மாற்று வழி என்பது மலிவான உழைப்புக்கு இன்னொரு பெயராகிவிடும்.

ஆசிரியராக நினைப்பவர்களுக்கு

வேறு பட்டம் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியராகும் ஆசையோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் சில மாதங்கள் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். மாலை வகுப்போ நூலக வாசிப்பு வட்டமோ எதுவானாலும் சரி. அந்த நேரம் உங்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை என்றால் அடுத்த அடியை எடுத்து வையுங்கள். உங்கள் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்துக்கு இணையானது என்பதை அரசாணையோடு உறுதிசெய்துகொள்ளுங்கள். சேரும் கல்லூரிக்கு என்சிடிஇ அங்கீகாரமும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வராமலே பட்டம் தருகிறோம் என்று சொல்லும் இடத்தின் பக்கம் போகாதீர்கள். அங்கே நீங்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல, கற்றுக்கொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பையும்தான். வேறு துறையில் கழித்த ஆண்டுகள் வீணானவை என்று எண்ண வேண்டாம். பாலம் கட்டிய அனுபவமும் கணக்கு எழுதிய அனுபவமும் பாடப்புத்தகத்துக்கு உயிர் கொடுக்கும்.

அரசுக்குச் சொல்ல வேண்டியதும் தெளிவானது. ஓராண்டு பி.எட். பற்றிய இறுதி விதிகள் எப்படி வந்தாலும், பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பள்ளிக்கூடத்தோடு இணைப்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து சில மாவட்டங்களில் இந்தப் பயிற்சி ஆண்டைத் தொடங்க வேண்டும். உதவித்தொகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும். பயிற்சியில்லாத ஆசிரியரிடம் ஒரு பிள்ளை இழக்கும் ஆண்டை எந்த அரசாணையாலும் திருப்பித் தர முடியாது.